உப்பு ஏற்றிய சைக்கிள்

ஜூன் 9

ஸ்கூட்டி இன்றும் துறைமுகச் சாலையில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி, நடுவில் நான், தள்ளிக்கொண்டே ஷிப்பிங் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். சைக்கிள் வாங்கப் போகிறேன். நாற்பத்து மூன்று வயதில் வாங்கினால் என்ன?

ஜூன் 10

எஸ்றாவிடம் சொன்னேன். (நேரில் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்?) உப்பளத்தில் சூப்பர்வைசர். பகல் முழுக்க வரப்பில் நடப்பவர், வீட்டுக்கு வந்துவிட்டால் தெருமுனைக் கடைக்கும் கார்தான்.

"சைக்கிளா? யாருக்கு?"

"எனக்குத்தான்."

சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஆபீசுக்கு மட்டுமில்லை, செப்டம்பரில் ஊர் அறுப்பின் பண்டிகைக்கும் அதே சைக்கிளில்தான் வருவேன், காணிக்கை உப்பையும் நானே ஏற்றிக்கொண்டு வருவேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், நாசரேத்தையும் தாண்டி இருக்கிறது. பண்டிகையன்று அவரவர் விளைவித்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். எங்களுக்கு வயலா, தோப்பா? இவர் அளத்து உப்புதான் எங்கள் விளைச்சல். கல்யாணமான வருஷத்திலிருந்து சின்ன மூட்டை இரண்டு, காரில் போகும்.

"பாதி வழியில போன் பண்ணுவ. நான் வந்து ஏத்திட்டுப் போவேன். எழுதி வச்சுக்க," என்றார்.

எழுதி வைத்துவிட்டேன்.

ஜூன் 14

பிச்சையா அண்ணாச்சி கடையில் மூன்று சைக்கிள் பார்த்தேன். முதலாவது விரல் மொத்தத்துக்கு டயர். பறக்கும்போல இருந்தது. ஆனால் கேரியர் பூட்ட ஒரு ஓட்டைகூட இல்லை. அதில் உப்பை எங்கே வைப்பது, தலையிலா?

இரண்டாவது தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங். பார்க்க ஜம்மென்று இருக்கிறது, மிதித்தால் அம்மி. மூன்றாவது இரும்புச் சட்டம், கரும்பச்சை, ஒரு பகட்டும் இல்லை.

"அண்ணாச்சி, இரும்பு நம்ம உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்காதா?"

"தொடைக்காம போட்டா எதுதான் பிடிக்காது தாயி? வாரம் ஒருக்கா தொடைச்சு எண்ணெய் போடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 21

இன்று வீட்டு அரிசியையே இரண்டு பையில் கட்டி எடுத்துப் போனேன். பாரம் ஏற்றிப் பார்க்காமல் வாங்கினால் நான் ஷிப்பிங் ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு என்ன அர்த்தம்? அண்ணாச்சி அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிறு எடுக்க உள்ளே போனார்.

ஸ்பிரிங் சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. பச்சையில் இடிக்கவில்லை. பின்சக்கரம் தள்ளி இருக்கிறது, காலுக்கும் பைக்கும் தாராளமாக இடம். மட்கார்டு உண்டு, துப்பட்டா மாட்டாமலிருக்கச் செயின் கவர் உண்டு. எதிர்காற்றுக்கு லேசான கியரும் உண்டு. தெருக்கோடிவரை போய்த் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. காரணமே கிடையாது, வெறுமனே சிரிப்பு.

ஜூன் 22

கோயிலில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. பச்சைதான். பச்சையேதான்.

ஜூலை 3

வந்துவிட்டது! ஸ்டாண்டுக்குத்தான் கொஞ்சம் வாக்குவாதம். இந்த மாதிரி வண்டிக்கு ஒற்றைக்கால் ஸ்டாண்டுதான் அழகு, எடையும் குறைவு என்றார் அண்ணாச்சி. அழகை வைத்து நான் என்ன செய்ய? பாரத்தோடு சாய்த்துவைக்கச் சுவர் தேடி அலைய என்னால் ஆகாது. இரண்டு கால் ஸ்டாண்டு போட வைத்தேன்.

எஸ்றா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மணியை ஒருமுறை அடித்தார். "ம்," என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

ஜூலை 18

ஆபீசுக்குப் போவதற்கு இப்போது சீக்கிரமே கிளம்பிவிடுகிறேன், அவசரம் ஒன்றுமில்லாமலே. காற்று எதிரே வந்தால் கியரை மாற்றிக்கொண்டு ஜெபப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு மிதிக்கிறேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் நானும் மணி அடிக்கிறேன். இன்று உடைமுள் குத்திப் பஞ்சர். அதுவும் ஆபீஸ் வாசலில் வைத்துத்தான், என் ராசி அப்படி.

ஆகஸ்ட் 30

உப்போடு ஒத்திகை, முள்ளக்காடு வரை. மூட்டைகளைக் கேரியர்மேல் உயரத்தில் கட்டியதால் முன்சக்கரம் ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும். இறங்கி, பக்கத்துக்கு ஒன்றாகத் தாழ்த்திக் கட்டினேன். அடங்கியது.

வீட்டில் எஸ்றா, "சறுக்கிட்டியா?" என்றார்.

"இல்லையே!"

பயம் இருக்கிறது. அவரிடம் சொல்வேனா?

செப்டம்பர் 14

நேற்று நடந்ததை இன்று ஊரிலிருந்து எழுதுகிறேன். நேற்று எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் வந்தது.

விடியும்போது கிளம்பினேன். முக்காணிப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன், ஏரலில் டீயும் வடையும். அதற்கப்புறம் எங்கள் கார் பின்னாலிருந்து வந்து பக்கத்தில் ஊர்ந்தது.

"ஏளா, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. உப்பையாவது இங்கன குடு."

"மாட்டேன்."

"பிடிவாதக்காரி!"

பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் முன்னால் போய்விட்டார். நான் போன் பண்ணவில்லை. தள்ளவும் இல்லை. ஊர் எல்லையில் அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

கோயிலை எட்டும்போது ஆராதனை மணி அடித்துவிட்டது. புளியமரத்தடியில் வாழைத்தார், பூசணி, கால் கட்டிய சேவல் எல்லாம் வரிசையாக இருந்தன. சேவலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டேன். சைக்கிள் உப்போடு நிமிர்ந்து நின்றது. மூட்டையை அவிழ்க்க நேரமில்லை. முகத்தைக் கழுவி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஆராதனைக்குப் பிறகு பந்தலில் ஏலம். ஏலம் கூறுவது நேசக்குமார் அண்ணாச்சி, மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாத மனிதர். சேவல் போனது. அடுத்து—

"பாருங்க! நம்ம ஜெபசுதா ஆண்டவருக்குப் புத்தம்புது சைக்கிளையே கொண்டாந்து படைச்சிருக்காவ! கூட ரெண்டு மூட்ட தூத்துக்குடி உப்பு!"

ஐயோ! அந்த வரிசையில் வைத்தது ஆண்டவருடையது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நானேதான் வைத்தேன். சபை முழுக்கக் கைதட்டல். போதகர் ஐயர் கண்கலங்கி என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். எழுந்து, 'ஐயா, அது என் சைக்கிள், உப்பு மட்டும்தான் காணிக்கை' என்று எந்த வாயால் சொல்வது?

ஒரே வழிதான். கையைத் தூக்கினேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விலையை ஏற்றினார்கள். நான் ஏற்றினேன். மறுபடியும் அந்தப் பக்கம். நடுவில் கூட்டம், பந்தல்கால், ஒன்றும் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து லீவில் வந்திருக்கும் கிருபை அண்ணனாகத்தான் இருக்கும், படுபாவி, அங்கே சைக்கிளே கிடைக்காதா? விடுவேனா? ஏற்றினேன்.

"பொம்பளையாள் பக்கம் ஒரு தரம்... அட, ஆம்பளையாள் பக்கம் விடுதாப்புல இல்லையே!" நேசக்குமார் அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குப் பின்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். பக்கத்திலிருந்த ஈவாஞ்சலின் அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். "ஏளா, எந்திச்சு யாருன்னு பாரு!"

எழுந்து பார்த்தேன். எஸ்றா. கையைத் தூக்கியபடி, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். அவரும் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

நான் கையை இறக்கினேன்.

"மூணு தரம்! புருசனும் பொஞ்சாதியும் போட்டி போட்டா கோயிலுக்கு லாபம்!"

சாப்பாட்டுப் பந்தியில் எதிரே வந்து நின்று சொன்னார்: "எந்தப் பொம்பள என் பொண்டாட்டி சைக்கிள விடமாட்டக்கான்னு எனக்கு ஒரே ஆத்திரம்ளா. நீ இங்கன வர அதுல எவ்ளோ பாடுபட்ட!"

என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 15

திரும்பி வரும்போது காற்று முதுகில். மூட்டையும் இல்லை. பறந்து வந்தேன்.

செப்டம்பர் 22

காலையில் ஆபீசுக்குக் கிளம்பி ஏறினால் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டு நாலு விரற்கடை உயர்ந்திருக்கிறது. டயரில் காயாத உப்பளச் சேறு.

உள்ளே எஸ்றா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேன்ட் கீழ்விளிம்பில் ரப்பர் பேண்டு.

"என் சைக்கிள எடுத்தீங்களா?"

"யார் சைக்கிள்? ஏலத்துல எடுத்தது நாந்தான?" தலை நிமிரவில்லை, சட்னியையே பார்த்துக்கொண்டு, "வெள்ளனே காத்து நல்லா இருக்குளா," என்றார்.

சீட்டை இறக்கவில்லை. ஸ்கூட்டியில் போனேன், அது இன்றும் நின்றது. சாயங்காலம் அப்படியே தள்ளிக்கொண்டு பிச்சையா அண்ணாச்சி கடைக்குப் போய், அதே மாதிரி இன்னொன்று வேண்டும், ஸ்டாண்டும் அதேதான் என்றேன்.

"யாருக்கு தாயி?"

"எனக்குத்தான்."