சத்தம் வராத கால்

2024 பெப்ரவரி 26

சோற்றுப் பானையை இறக்கும்போது கருகல் மணம் வந்தது. அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் என் வலது உள்ளங்காலுக்குக் கீழே தணல். பள்ளிக்கூடக் குசினியில் எப்போதும் வெறுங்காலோடுதான் நின்று சமைப்பேன். எவ்வளவு நேரம் அதை மிதித்துக்கொண்டு நின்றேனோ. நோகவேயில்லை.

மார்ச் 3

மஞ்சள் பூசினேன். நோவு இல்லாதபடியால் வேலைக்கும் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று புருசன் வின்சன்ற் கேட்டுப் பார்த்தார். இந்த மனுசனுக்கு எல்லாத்துக்கும் பயம்.

மார்ச் 10

காய்ச்சல். காலில் நாற்றம். எங்கட மாங்கேணியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வான் பிடித்து, படுத்தபடி வந்தேன். அழுகின சதையை டொக்டர் வெட்டி எடுத்தார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, காலில் ஒன்றும் தெரியவில்லை.

"சீனி வருத்தம் உங்கட காலிர உணர்ச்சியைத் திண்டிட்டு. நோகாததுதான் ஆபத்து" என்றார்.

நீரிழிவு என்று எத்தனை வருசமாகச் சீனிக் குளிசை விழுங்குகிறேன். ஒருநாளாவது என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேனா?

மார்ச் 14

பக்கத்துக் கட்டிலில் நஸ்ஹா. ஏறாவூர்க்காரி, தையல் வேலை. தங்கச்சியின் கல்யாணத்துக்கு இறுக்கமான சப்பாத்துப் போட்டதில் பெருவிரல் உரஞ்சிப் புண்ணாகி, இப்போது கறுத்துக் கிடக்கிறது. அவவுக்கும் சீனிதான். நோன்பு பிடிக்க முடியவில்லை என்று காலையில் அழுதா. பின்னேரம் என்னைச் சிரிக்க வைத்தா.

"நீங்க தணலால வந்தீங்க, நான் கல்யாணத்தால வந்தன். வேற என்னகா வித்தியாசம்?"

மார்ச் 19

என் காயத்தில் மெசின் பூட்டினார்கள். காயத்தின் அளவுக்கு ஸ்பொஞ்ச் வெட்டி உள்ளே வைத்து, மேலே மெல்லிய தாள் ஒட்டி, ஒரு குழாய். வடிகிற நீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நஸ்ஹாவுக்குப் பூட்டவில்லை. முதலில் இரத்தோட்டம் பார்க்க வேணுமாம்.

மார்ச் 23

டொக்டர் ஒரு சின்னக் கருவி கொண்டுவந்தார். என் கணுக்காலில் வைத்ததும் வாட் முழுக்கக் கேட்டது — சுஸ், சுஸ், சுஸ். இரத்தம் ஓடுகிற சத்தம். நஸ்ஹாவின் காலில் இங்கே வைத்தார், அங்கே வைத்தார். கன நேரம் தேடினார். ஒன்றுமில்லை. இரத்தம் போகிற இடத்துக்குத்தான் மருந்தும் போகும், புதுச் சதையும் வரும் என்றார். அடைத்த குழாயைத் திறக்கலாமா என்று பார்க்கக் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்களாம்.

அவர் போனபிறகு நஸ்ஹா மெல்லக் கேட்டா: "அக்கா, என்ட காலுக்கு மட்டும் ஏன் சத்தம் வரல்ல?"



மார்ச் 31

உயிர்த்த ஞாயிறு. ஸ்பொஞ்ச் மாற்றும்போது எட்டிப் பார்த்தேன். காயத்துக்குள் மாதுளை முத்துப் போலச் சிவப்பு. புதுச் சதை என்று தாதி சொன்னா. நஸ்ஹா கொழும்பிலிருந்து வந்துவிட்டா. குழாயைத் திறக்க முடியவில்லை. என் முகத்தை அவ பார்க்கக்கூடாது என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஏப்ரல் 4

நஸ்ஹாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேணுமாம். விட்டால் கிருமி மேலே ஏறும். அவவின் புருசன் நிஸ்தார் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்.

"தையல் மெசின இந்தக் காலாலதானே மிரிக்கிற" என்று மட்டும் நஸ்ஹா சொன்னா.

ஏப்ரல் 6

எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 13

பெருநாள் கழிந்தும் நிஸ்தார் வாட்டுக்கு இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவந்தார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நானும் நஸ்ஹாவும் மோந்து மட்டும் பார்த்தோம். கன நாளைக்குப் பிறகு அவ சிரித்தா.

ஏப்ரல் 25

வீடு. காயத்தில் பாரம் விழாதபடி காலுக்குப் பெரிய கட்டுப் போட்டிருக்கிறார்கள். நடந்தால் வந்த சதையும் நசிந்து போகுமாம். கிழமைக்கு ஒருக்கா கிளினிக். பள்ளிக்கூடக் குசினிக்கு வேறு ஆளைப் போட்டாச்சு. வின்சன்ற் மீன்பிடித்துக் கடலால் வந்து வீட்டில் சமைக்கிறார். நோகாத காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாளே என்று சனம் கதைக்கிறது. ஓம், நோகாது. அதுதானே வருத்தம்.

மே 30

நஸ்ஹா போன் எடுத்தா. மற்றக் காலிலும் புண். குரலில் பகிடி இல்லை. என் காயம் எவ்வளவு சுருங்கியிருக்கு என்று துருவித் துருவிக் கேட்டா. சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றா. 

ஜூன் 24

நிஸ்தார்தான் பேசினார். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

"அவ மௌத்தாகிட்டா அக்கா."

ஜூன் 25

செத்த வீட்டுக்கு வின்சன்ற் போய்வந்தார். நான் போகல்ல. நடக்கக்கூடாதாம். கால் ஆறவேணுமாம். என்ன கால் இது? ஒரே வாட், ஒரே டொக்டர், ஒரே வருத்தம் — ஏன் எனக்கு மட்டும் ஆறுது?

ஆகஸ்ட் 14

காயம் மூடிவிட்டது. தாதி கை தட்டினா. வெளியே வந்து போனை எடுத்தேன். செய்தி சொல்லத் தேடின விரலில் நஸ்ஹாவின் நம்பர் வந்து நின்றது.

ஆகஸ்ட் 25

கிளினிக்கில் தந்த மெத்தைச் சப்பாத்தோடு ஏறாவூருக்குப் போனேன். நிஸ்தார் நாநா கதிரை போட்டார்.  காலைப் பார்க்கலாமா என்று கேட்டார். கழற்றிக் காட்டினேன். நிலத்தில் குந்தியிருந்து, தொடாமல், பார்த்தார்.

"உங்களுக்கு மூடிரும் எண்டு அவ சொல்லிட்டே இருந்தா" என்றார். சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

அவர் எழும்பும்போது குதிகாலில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. உங்களுக்கும் சீனி இருக்கா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ரெண்டு வருசமாம். நஸ்ஹாவுக்குச் சொல்லவில்லையாம், அவவின் வருத்தமே அவவுக்குப் போதும் என்று.

"காலைத் திருப்புங்க நாநா."

நீளமான வெடிப்பு. உள்ளே ஈரம். நோகுதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

புதன்கிழமை கிளினிக். நான் வாற பஸ் அவருடைய தெருமுனையால்தான் போகும். அங்கே வந்து நிற்கிறேன் என்றார். நிற்காவிட்டால் இறங்கி வீட்டுக்குப் போவேன்.