மச்சானின் ஸ்கேனரை மீட்ட மகா யுத்தம்

என் அருமை மச்சான் பாலாவுக்கு,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஹம்பேர்க்கில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். ஆனாலும் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், கேள்.

நீ கண்ணை மூடினபின் உன் கிழட்டு ஸ்கேனரை வசந்தி திரும்பியும் பார்க்கவில்லை. என் தங்கச்சியை உனக்குத் தெரியாதா? “இந்த மனுசன் என்னைக் கட்டினவரோ, உந்தப் பெட்டியைக் கட்டினவரோ?” என்று உன் முகத்துக்கு நேரே கேட்டவள்தானே. செய்த கொம்பனியே கைவிட்ட பெட்டி அது. அதை லினக்ஸ் கணினியில் ஓட வைக்க நீ இயக்கி நிரல் எழுதினாய். யாரும் சுலபமாக நிறுவும்படி அதைப் பொதியாக்கியும் வைத்தாய். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின!

போன மாதம் அவள் அதைப் பழைய சோபாவோடு குப்பை லொறி வந்து அள்ளட்டும் என்று வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போன இடத்தில் அவளுக்கு உன் லினக்ஸ் கூட்டாளிகளின் மின்னஞ்சல். லினக்ஸின் அடுத்த பதிப்புக்காக உன் பொதியைப் புதுப்பித்துவிட்டார்களாம். சோதித்துப் பார்க்க அந்த ஸ்கேனர் ஒருவரிடமும் இல்லையாம். ‘ஓடுகிறது’ என்று யாராவது சொல்லாவிட்டால் பொதியை நீக்கிவிடுவார்களாம்.

உடனே எனக்கு அழைப்பு.

“அண்ணை, அவரின்ரை பெட்டி றோட்டிலை கிடக்கு. லொறி வரமுன்னம் ஓடுங்கோ!”

“நீதானேயடி எறிஞ்சனி?”

“ஓம், நான்தான் எறிஞ்சனான். இப்ப நான்தான் கேக்கிறன். போங்கோ!”

பறந்தேன், மச்சான். எஸ்-பான் ரயில் எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பிளந்த லொறியை ஒற்றைக் கையால் மறித்து, உன் பெருமையைச் சுத்த ஜெர்மனில் முழங்கினேன். சாரதி தேம்பித் தேம்பி அழுதான். நகரபிதா தொப்பியைக் கழற்றினார்.

பின்னேரம் வசந்தி பெட்டியைக் கணினியில் மாட்டினாள். புதுப் பொதியை நிறுவினாள். அவசரத்துக்குத் தாள் அகப்படவில்லை. உள்ளங்கையையே கண்ணாடியில் வைத்தாள். பெட்டி கர்ரென்று முனகியது. திரையில் அவளுடைய கை, ரேகை ரேகையாக.

திரையில் அந்த ரேகைகளை விரலால் தொட்டாள். பிறகு, “வடிவாத்தான் எழுதியிருக்கிறார், என்ன?” என்றாள். நீ இருந்த காலத்தில் ஒருநாளாவது இதைச் சொன்னாளா?

‘ஓடுகிறது’ என்று அவளே பதில் எழுதினாள். உன் பொதி தப்பிவிட்டது. இனி அந்தாட்டிக்காப் பென்குயின்கூட அதை இறக்கிப் படம் பிடிக்கலாம்.

ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் அவள் சோதிப்பாள். என் நாரி எலும்பு முறிந்தாலும் பெட்டியைத் தூக்கி வைப்பது நான். இது சத்தியம்.

மற்றபடி, லொறி மறுநாள்தான் வந்தது. நான் நடந்துதான் போனேன். நகரபிதாவுக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்தப் பொதியில் ‘எழுதியவர்’ என்று உன் பெயரும், அதற்குக் கீழே ‘சோதிப்பவர்’ என்று வசந்தியின் பெயரும் இருக்கின்றன. அது மட்டும் உண்மை.

உன் பெண்சாதியின் ஒரே அண்ணனும் உன் ஒரே மச்சானுமாகிய,
சிவம்