செவ்வந்தி இல்லத்தில் நடக்கும் பெரட்டு

அனுப்புநர்:
புஷ்பவள்ளி த/பெ சிவானந்தம்,
பின்னறை, சன்னலோரக் கட்டில்,
செவ்வந்தி முதியோர் பராமரிப்பு இல்லம்,
செரண்டா, சிலாங்கூர்.

பெறுநர்:
திருமதி திலகா அவர்கள்,
முதியோர் உதவித்தொகைப் பிரிவு,
மாவட்டச் சமூக நல அலுவலகம்.

பொருள்: மருத்துவமனையில் இருக்கும் சின்னத்தாயை, அவளை அடித்தவர் இருக்கும் இல்லத்துக்கே திருப்பி அனுப்பாமல், அவளுடைய உதவித்தொகையை வேறு இல்லத்துக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்ளுதல்.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. வணக்கம். அப்பளசாமி என்பவர் மீது நான் எழுதும் இரண்டாவது புகார் மனு இது. முதல் மனுவை, கெர்லிங் பக்கம் நாங்கள் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தின் துரைக்கு எழுதினேன். அப்போது நான் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். இரண்டு காலும் இருந்தன. அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை. பிறகு துரை போய்விட்டார், தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, என் இடது கால் இனிப்புநீர் நோயில் போய்விட்டது. அப்பளசாமி மட்டும் போகவில்லை. இன்று அவர் கட்டிலுக்கும் எங்கள் கட்டில்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் மடிப்புக் கதவுதான்.

2. நாங்கள் யாரென்று தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மனுவில் எழுதுவது முறை. சின்னத்தாய், கண் தெரியாத அன்னம்மா, நான் ஆகிய மூவரும் ஒரே தோட்டத்து ஆட்கள். பிள்ளையும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை என்பதால் தங்கள் இலாகாவின் உதவித்தொகையில் இந்த இல்லத்தில் இருக்கிறோம். அந்தத் தொகை எங்கள் கையில் வருவதில்லை. நேரே இல்லத்தின் கணக்குக்குப் போகிறது. அதில் எனக்குக் குறையில்லை. சோறு நேரத்துக்கு வருகிறது. இல்லத்தை நடத்தும் திருமதி விஜயராணி புண்ணுக்கு மருந்து கட்ட முகம் சுளிக்காதவர். இதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

3. அப்பளசாமி எங்கள் தோட்டத்து மண்டோர், எங்களை வேலை வாங்கிய கங்காணி. தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். விடியுமுன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அவர் இரும்புக் கம்பியால் அடிப்பார். அதுதான் பெரட்டு. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். நின்றால் பேர் போடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். தாமதமாக வந்தவளுக்குப் பேர் இல்லை. சில நாள் பேருக்குப் பதில் அடி. காய்ச்சலோ மாதவிலக்கோ, காரணம் சொன்னால் இன்னும் இரண்டு அடி கூட விழும். பிரம்பால் அடிப்பார், காலால் உதைப்பார், வாயால் அடிப்பது வேறு. அவர் அடித்த தழும்பு என் வலது தோளில் இன்னும் இருக்கிறது. பார்க்க விரும்பினால் காட்டுகிறேன்.

4. என் முதல் மனு சின்னத்தாயைப் பற்றியது. மழை ஈரத்தில் அவள் சறுக்கி விழுந்து இரண்டு வாளிப் பாலும் மண்ணில் கொட்டிவிட்டது. அப்பளசாமி வாளி தூக்கும் காண்டாக் கம்பைப் பிடுங்கி, விழுந்து கிடந்தவளை இடுப்பிலும் வயிற்றிலும் அடித்தார். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. நான் குறுக்கே பாய்ந்ததில்தான் தோள் தழும்பு. அன்று மாலை லயத்து வீட்டில் அவளுக்குக் கரு கலைந்தது. நானும் அவள் புருஷனும்தான் பக்கத்தில் இருந்தோம். அதன் பின் அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அம்மையீர், உதவித்தொகை கேட்டு எழுதியபோது பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று நான்தான் நிரப்பினேன். ஏன் இல்லை என்று அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மனுவை அப்போதே எழுதியிருப்பேன்.

5. இவ்வாண்டு தைப்பூசம் முடிந்த பிறகு, அப்பளசாமியை அவர் மகன் சிவநேசன் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். மகன் ரவாங்கில் லோரி வைத்துத் தொழில் செய்பவர். அப்பாவுக்கு மறதி நோயாம், வீட்டில் மருமகளை அடிக்கிறாராம். சொந்தக் காசில் முழுக் கட்டணமும் கட்டி, முன்னறையில் குளிரூட்டியும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மருமகள் தப்பித்தாள்.

6. மறுநாள் விடியலில் சத்தம் கேட்டது. கைத்தடியால் இரும்புக் கட்டிலை அடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். “பெரட்டு! எந்திரிங்கடி! பேரு வேணுமா வேணாமாடி?” என்பவை அவருடைய சொந்த வார்த்தைகள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. கண் தெரியாத அன்னம்மா எழுந்து உட்கார்ந்து, துண்டைத் தேடித் தலையில் முண்டாசு கட்டினாள். எனக்கு இல்லாத காலும் துடித்தது. இருந்திருந்தால் நானும் எழுந்து நின்றிருப்பேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. படுத்துக் கிடந்தவர்களின் பாதங்களில் தடியால் அடித்துக்கொண்டே போனார். அன்று முதல் தினமும் இதே கதை.

7. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக எழுந்து நிற்காத சின்னத்தாய், சில நாட்களில் எழுந்து நின்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் கோணி, எச்சில் ஒழுக, வரிசைக்கு வந்தவளாக நின்றாள். திருமதி விஜயராணிக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, டாக்டருங்க கைவிட்டத அப்பளசாமி அங்கிள் செஞ்சிட்டாரு. ஃப்ரீ பிசியோதெரபிலா!” என்று கைப்பேசியில் படம் பிடித்தார். தங்களுக்கும் அனுப்பியதாகச் சொன்னார். அதைப் பார்த்துத் தாங்கள் மகிழ்ந்திருக்கலாம். தங்கள் மேல் தவறில்லை. தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். இம்முறை அவள் கால்களைப் பார்க்காமல் கண்களைப் பாருங்கள்.

8. நான் வாயால் புகார் சொன்னேன். கெஞ்சினேன். பிறகு கத்தினேன். அதற்குத் திருமதி விஜயராணி சொன்ன பதில்: “பாவம்லா ஆன்ட்டி, வயசான மனுஷன், அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க அரசாங்கக் காசுல இருக்கீங்க. சிவநேசன் அண்ணன் சொந்தக் காசு கட்டுறாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கலா.” ஒன்றும் தெரியாதாம்! முன்னறையில் அவருக்கு அடுத்த கட்டிலில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். அவர் மேல் ஒரு நாளும் தடி பட்டதில்லை. திருமதி விஜயராணி மேலும் பட்டதில்லை. பின்னறையிலும் எங்கள் மூவருக்கு விழுகிற அடி மற்றவர்களுக்கு விழுவதில்லை. மறதி நோய்க்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியுமா, அம்மையீர்? காசு யாருடையதாக இருந்தால் என்ன, வலிக்கிறது எங்களுக்குத்தானே?

9. இம்மாதம் முதல் வாரத்தில் நடந்ததை இனி எழுதுகிறேன். தங்களுக்குச் சங்கடமாக இருக்கும். வழக்கம்போல் கட்டிலை அடித்தார். சின்னத்தாய் எழுந்தாள். கம்பி வழுக்கிவிட்டது. சிமெண்டுத் தரையில் இடுப்பு அடிபட விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மட்டையைக் காலால் மிதித்தது போல இருந்தது. அலறக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. அந்த மனிதர் அவள் அருகே வந்து நின்று, “பாலைக் கொட்டிட்டியாடி?” என்றார். தடியை ஓங்கி அவள் தலையில் அடித்தார். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் போயிற்று. மறுபடி இடுப்பில், முறிந்த அதே இடுப்பில் அடித்தார். அப்போது அவள் நல்ல கையால் எதை மூடிக்கொண்டாள் தெரியுமா? தலையை மூடவில்லை. வயிற்றை மூடிக்கொண்டாள்.

10. நான் ஊன்றுகோலை எடுத்தேன். ஒற்றைக் காலில் தவ்விப் போய் அவர் முகத்தில் அடித்தேன். பல் தெறித்தது. தடி பிடித்த கையில் அடித்தேன்; மணிக்கட்டு முறிந்தது. கீழே விழுந்த பிறகும் அடித்தேன். என்னைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்னும் அடித்திருப்பேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. வருந்துகிறேன் என்று எழுதினால் மனு நன்றாக இருக்கும் என்று இங்கே ஒருவர் யோசனை சொன்னார். நான் வருந்தவில்லை. அன்று தோட்டத்தில் காண்டாக் கம்பு என் கைக்கு எட்டாமல் போனதுதான் என் வருத்தம்; எட்டியிருந்தால் அன்றே அடித்திருப்பேன்.

11. அதன் பின் நடந்தவை: சின்னத்தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். சிவநேசன் என் மேல் காவல் நிலையத்தில் புகார் செய்தார். “எங்கப்பா மண்டோரா இருந்து உங்களுக்கெல்லாம் சோறு போட்டவரு, நன்றி கெட்ட ஜென்மங்க” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். காவலர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் ஊன்றுகோலைச் சாட்சிப் பொருளென்று கொண்டுபோய்விட்டார்கள். இப்போது கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு தவ்விப் போகிறேன். மாத முடிவில் நான் வெளியேற வேண்டும் என்று திருமதி விஜயராணி சொல்லிவிட்டார். அப்பளசாமி கையில் மாவுக்கட்டோடு அதே முன்னறையில், அதே குளிரில் படுத்திருக்கிறார். இடது கையால் கட்டிலைத் தட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கேட்கிறது.

12. சின்னத்தாயின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டார்கள். அவளுடைய உதவித்தொகை இந்த இல்லத்தின் பெயரில் வருவதால், மருத்துவமனை விட்டதும் அவள் இங்கேதான் வருவாள் என்கிறார்கள். அவளுக்குப் போக வேறு வீடில்லை. குறுக்கே பாய நான் இருக்க மாட்டேன். அன்னம்மாவுக்குக் கண்ணில்லை. இன்னொரு முறை எழுந்து நின்றால் சின்னத்தாய் பிழைக்க மாட்டாள். எழுந்து நிற்கத்தான் செய்வாள், அம்மையீர். நிற்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

13. எனவே பணிவுடன் கேட்டுக்கொள்வது: சின்னத்தாயின் உதவித்தொகையை வேறோர் இல்லத்துக்கு, கோலசிலாங்கூர்ப் பக்கமானாலும் சரி, அவள் மருத்துவமனையை விட்டு வருமுன் மாற்றித் தாருங்கள். அன்னம்மாவையும் அவளோடு அனுப்புங்கள். எனக்கு இடம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. நீதிமன்றம் என்னை எங்கே அனுப்பினாலும் அங்கேயும் சோறு போடுவார்கள். இரண்டும் முடியாது, அவள் இங்கேதான் வந்தாக வேண்டும் என்றால், காவல் நிலையத்தில் சொல்லி என் ஊன்றுகோலை வாங்கிக் கொடுங்கள். இதை மிரட்டல் என்று தாங்கள் எடுத்துக்கொண்டால் நான் மறுக்கப் போவதில்லை.

14. கடைசியாக ஒன்று. இதற்குத் தங்கள் இலாகாவில் விதி ஏதும் இருக்காது. சென்ற வாரம் காலுக்கு மருந்து கட்ட மருத்துவமனைக்குப் போனபோது, சின்னத்தாயைப் பார்க்க என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலையில் தேநீர் வண்டி வந்து கட்டிலில் இடித்தது. கம்பி ஒலித்தது. முறிந்த இடுப்போடு அவள் எழப் பார்த்தாள். விழுந்துவிடக் கூடாதென்று மருத்துவமனையில் அவளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருக்கிறார்கள். அந்தத் துணி இறுகி இறுகி அவள் கை நீலமாகிவிட்டது. என்னைப் பார்த்து, “பேரு போட்டாச்சா புள்ள?” என்று கேட்டாள். போட்டாச்சு, தோட்டமே இல்லை, பெரட்டும் இல்லை, படு என்றேன். நம்பவில்லை. என்னை எப்படி நம்புவாள்? நானும் அவளோடு வரிசையில் நின்றவள்தானே. எங்கள் ஆட்களுக்குச் சட்டைப்பையில் பேனாவும் கழுத்தில் அடையாள அட்டையும் உள்ளவர்கள் வந்து சொன்னால்தான் எதுவும் உண்மை. ஆகவே தாங்கள் நேரில் வாருங்கள். அலுவலக உடையிலேயே வாருங்கள். அவள் கட்டிலருகே நின்று, அவள் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டு, “பெரட்டு முடிஞ்சு போச்சும்மா, நீங்க படுத்துக்கலாம்” என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதும்.

என் முதல் மனுவுக்கு வராத பதிலுக்கும் சேர்த்துத் தங்களை எதிர்பார்த்திருக்கும்,

புஷ்பவள்ளி
(கையொப்பம்)

இடம்: செரண்டா
நாள்: 14 ஜூலை 2025