ஆதிராவின் நோட்டையும் பார்த்தேன்

குளத்தூர்
3.6.2025

பிந்துஜாவுக்கு,

சுகம்தானே? நம்பரை ப்ளாக் பண்ணிட்டு ஆரியங்கோட்டுல அம்மா வீட்டுல போய் இருந்தா, நான் தபாலில்தான் எழுதணும். சண்டை போட்டுப் போன அவசரத்துல இங்கிலீஷ் கிளாஸ் நோட்டை விட்டுட்டே. வாசிச்சேன்.

‘ஐ வேவர் பிட்வீன் ஸ்டேயிங் அண்ட் லீவிங்.’ அந்த பிட்வீனை சிவப்பு மையில எழுதினது உன் ஜோஷி சார்தானே? பூவாரில் வெள்ளைக்கார சாயிப்புமாருக்குப் படகு ஓட்டுறவனாக்கும் நான், இங்கிலீஷ் எனக்கும் தெரியும். இருக்கவா போகவான்னு நீ தடுமாறுறது எனக்குப் புரியாதா? அடுத்த வரி, ‘ஐ ஹெசிடேட் டு டெல் மை ஹஸ்பண்ட்.’ ஏட்டி, எதைச் சொல்லத் தயங்குற? யார்கூடப் போகப் போற?

ரெஜித்

ஆரியங்கோடு
7.6.2025

அத்தானுக்கு,

இங்க எல்லாருக்கும் சுகம். உங்க கடிதத்தைப் பார்த்து சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது. அது பாடமாக்கும்! தயங்குறதுக்கும் தடுமாறுறதுக்கும் இங்கிலீஷில் ஒரு கூட்டம் வார்த்தை உண்டு. ஒவ்வொண்ணுக்கும் பின்னால வேற வேற சின்ன வார்த்தை வரணும். ஹெசிடேட்டுக்கு டு, வேவருக்கு பிட்வீன், டித்தருக்கு ஓவர். சார் போர்டில் எழுதிப் போட்டார், கோடிட்ட இடத்தை நான் தப்பா நிரப்பினேன், அவர் திருத்தினார். அவ்வளவுதான், நம்புங்க.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான பரீட்சை பதினாறாம் தேதி. நோட்டை அனுப்பி வையுங்க.

பிந்து

குளத்தூர்
12.6.2025

என் பிந்துவுக்கு,

நேற்று பாறசாலைக்குப் போனேன். உன்கூடப் படிக்கிற ஆதிராவின் நோட்டையும் பார்த்தேன். அதே வாக்கியம், அதே வரிசை! கல்யாணமே ஆகாத பிள்ளையும் ஹஸ்பண்டுகிட்ட சொல்லத் தயங்குது. சிரிச்சு மாளல்ல. நெய்யாற்றின்கரையில் கிளாஸ் வாசலில் நின்னு சாரையும் பார்த்தேன், பாவம் கிழவன். இப்பம் நம்பிக்கை வந்துது.

நோட்டு இதோடு வருது. இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வாறேன். பிணக்கம் வேண்டாம், கேட்டியா?

உன் ரெஜித்

ஆரியங்கோடு
18.6.2025

அத்தானுக்கு,

நோட்டு நேரத்துக்கு வந்துது. பரீட்சை நல்லா எழுதினேன்.

ஆதிரா அழுதுட்டே போன் பண்ணினா. அவ அப்பா முன்னால நின்னு, எனக்கும் சாருக்கும் என்னன்னு விசாரிச்சீங்களாம். இனி அந்தக் கிளாஸ் பக்கம் எந்த முகத்தோட போவேன்? ஆதிரா நோட்டை நம்பினீங்க, என் சொல்லை நம்பல்ல.

ஒரு காரியம் சொல்லணும். அந்த ரெண்டு வாக்கியமும் ஆதிராவுக்குத்தான் பாடம். எனக்கு அது உண்மையாக்கும். பரீட்சை தேறினா என்னை எடுத்துக்கிடுதோம்னு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி எழுதி ரெண்டு மாசமாச்சு. உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வராம, உங்ககிட்டயும் சொல்லாம, அவங்களுக்கும் பதில் போடாம கிடந்தேன். வேற யாரும் இல்ல.

நேற்று அவங்களுக்கு சம்மதம்னு எழுதிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

பிந்துஜா