மொத்தமா, மாதாமாதமா?

மரியே வாழ்க

மன்னார்புரம், திருச்சி
5-7-87

அன்புள்ள அத்தானுக்கு,

லூர்துராணி எழுதுவது. நானும் பேட்ரிசியாவும் சுகம். நாக்பூரில் உங்கள் சுகத்துக்கு எழுதவும். உங்கள் கடிதம் வியாழக்கிழமை நான் ஸ்கூல் விட்டு வந்தபோது கதவடியில் கிடந்தது. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன்.

ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் பேட்ரிசியாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயசுதானே ஆகுது, அதுக்குள்ள ரிட்டயரா என்று சிரிக்கிறாள். இருபது வருஷம் சர்வீஸ் முடித்தவர்கள் விரும்பினால் விலகலாம் என்றால் நீங்கள் போன வருஷமே விலகியிருக்கலாமே? ஏன் அப்போது சொல்லவில்லை?

பிராவிடண்ட் ஃபண்டில் இருக்கும் எல்லோரையும் பென்ஷனுக்கு மாற்றப் போகிறார்கள், வேண்டாம் என்கிறவர்கள் மட்டும் செப்டம்பர் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்தால் விலகும்போது பணம் மொத்தமாக வரும். கொடுக்காவிட்டால் மாதாமாதம் பென்ஷன். நீங்கள் மொத்தப் பணம்தான் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். கடிதத்திலேயே பாதியை வரியில்லாத பி.பி.எஃப். கணக்கில் போட்டு, மீதிக்கு முசிறியில் உங்கள் சிநேகிதர் பெரியண்ணன் விற்கிற வாழைத் தோட்டத்தையும் வாங்கியாகிவிட்டது. கடைசியில் போனால் போகிறதென்று, நீதான் கேள்வி கேட்பவளாச்சே, நாலு இடத்தில் விசாரித்து எழுது என்று ஒரு வரி. எனக்கு அது போதும்.

முதலில் பாங்குக்குப் போனேன். பி.பி.எஃப். என்றால் பதினைந்து வருஷம் போட்டு வைக்க வேண்டும், நடுவில் கொஞ்சம்தான் எடுக்கலாம், வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பும் உண்டு, ஆனால் வட்டிக்கு வரியே கிடையாது என்றார் அதிகாரி. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் வீட்டுக்காரர் வேலையை விட்ட பிறகு வரி கட்டுகிற அளவுக்கு அவருக்கு வருமானமே இருக்காதே, வரியில்லாத வட்டியால் அவருக்கு என்ன தனி லாபம் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “நீங்க கேக்கிறது சரிதாங்க. சம்பளக்காரங்களுக்குத்தான் அது பெரிய விஷயம்” என்றார். வட்டி நல்ல வட்டிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அடுத்த தெரு செபஸ்தியான் சாரைப் பார்த்தேன். ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனாரே, அவர்தான். மொத்தமாக வாங்கிக் கொண்டவர். யாரிடமும் ஏமாறவில்லை, ஒரு பைசா வீணாக்கவும் இல்லை. ஆனால் அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, “பணம் இருக்கு டீச்சர், மீன் வாங்கத்தான் மனசு வராது இவருக்கு” என்று குரல் கொடுத்தது. அவர் கோபப்படவில்லை. “எடுக்கப் பயமா இருக்குங்க. இன்னும் எத்தனை வருஷம் இதை வச்சு ஓட்டணும்னு தெரிஞ்சா தைரியமா எடுப்பேன். யாரு சொல்லுவாங்க அதை?” என்றார்.

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மொத்தப் பணம் என்றால் நமக்கு எவ்வளவு ஆயுசு என்று நாமே ஊகிக்க வேண்டும். பென்ஷன் என்றால் அந்தக் கவலை சர்க்காருடையது. என் ஓட்டு பென்ஷனுக்கு. கோபித்துக்கொண்டு நாலு பக்கம் பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள்.

காவிரியில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

உங்கள்
லூர்துராணி


மன்னார்புரம்
9-8-87

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதம் காத்திருந்த பிறகு உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கம் எதிர்பார்த்தேன், வந்தது நாலு வரி. “நீ சொல்வது சரி. பென்ஷனே இருக்கட்டும். ஆனால் சர்வீஸ் கூடினால் பென்ஷனும் கூடும். அதனால் இப்போது விலகவில்லை. இன்னும் ஏழெட்டு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன்.” அவ்வளவுதான். கையெழுத்தும் கொஞ்சம் கோணலாக இருந்தது.

ஜெயித்தது நான்தான், ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என் பேச்சுக்கு இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. வாசல் கதவுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதற்கே இரண்டு லீவு சண்டை போட்டவர் நீங்கள். முசிறித் தோட்டம் என்ன ஆயிற்று? பெரியண்ணனுக்கு என்ன சொல்ல?

நான் விசாரிப்பதை நிறுத்தவில்லை. எங்கள் ஸ்கூல் கமலா டீச்சரின் பெரியம்மா ரங்கநாயகி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து காலமானவர். போன சனிக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போனேன். உத்தர வீதியில் வீடு. தட்டில் பழமும் மோரும் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். “அவர் ஆசார்யன் திருவடி அடைஞ்ச பிறகு, அவர் வாங்கிண்டிருந்ததுல கொஞ்சம் குறைச்சு எனக்கு வரது. பெருமாள் கிருபை, யார் கையையும் எதிர்பார்க்கலை” என்றார். வருஷா வருஷம் நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டுமாம். “என் பிள்ளை பம்பாய்ல இருக்கான், அவன் கேக்க மறந்தாலும் மறப்பான். கவர்ன்மெண்டு மறக்கிறதேயில்லை” என்று சொல்லி ஒரே சிரிப்பு.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அவர் வீட்டுக்காரருக்குப் பென்ஷன் என்றாலே பிடிக்காதாம். மொத்தமாக வாங்கிப் பெண்ணின் பெயரில் வீடு கட்ட வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். “அந்தக் காலத்துலேயும் ஒரு தரம் மாத்திக்க விட்டா. டாக்டரைப் பாத்துட்டு வந்தவர், மறுநாளே ஆபீசுக்குப் போய் பென்ஷன்னு எழுதிக் குடுத்துட்டார். ஏன்னு நேக்கு அப்போ புரியலை” என்றார்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் வெகுநேரம் நின்றுவிட்டது. ஆறு முழுக்க மணல்தான். எனக்கு ஏனோ உங்கள் கோணல் கையெழுத்தே கண்ணில் நின்றது.

நீங்கள் ஏன் சம்மதித்தீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள், போதும்.

உங்கள்
லூர்துராணி


மன்னார்புரம்
6-9-87

அத்தானுக்கு,

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மழை பெய்கிறது, புது ஆபீசர் வந்திருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள்.

நேற்று உங்கள் ஆபீஸ் அடைக்கலராஜ் வந்தார். லீவில் வந்தாராம். நீங்கள் கொடுத்தனுப்பிய ஆரஞ்சு பர்பியைக் கொடுத்தார். மாடியேறி வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்து, “இந்தப் படியை அண்ணன் எப்படிங்க ஏறுவாங்க? மாடியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே” என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன். ஆமாங்க, இப்ப எப்படி இருக்கு என்று கேட்டேன். கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஜூலையில் பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்கு மேல் கிடந்தது, இன்னும் மாத்திரை சாப்பிடுவது எல்லாம். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினேன். பிறகு அடுப்படியில் போய் நின்றேன். பேட்ரிசியா வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டதே தெரிந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, காலையில் போய்விட்டது. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிறகு எனக்குப் பென்ஷன் வரும். இன்னும் ஏழெட்டு வருஷம் அங்கேயே தனியாகக் கிடந்து உழைத்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். தோட்டத்தையும் விட்டு, ஊரையும் விட்டு, இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

இன்று பூசை முடிந்ததும் பொன்மலையில் கணக்கு ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவரைக் கேட்டேன். விருப்பப்பட்டு முன்னாலேயே விலகுகிறவர்களுக்கு, பென்ஷன் கணக்கில் சர்வீஸோடு அஞ்சு வருஷம் வரை சேர்த்துக் கொடுப்பார்களாம். அப்படிச் சேர்த்தாலும் நீங்கள் நினைத்த பென்ஷன் வராது, குறைவாகத்தான் வரும். வரட்டும். எனக்குச் சம்பளம் இருக்கிறது. பேட்ரிசியா அடுத்த வருஷம் காலேஜ் முடிக்கிறாள். வேலைக்குப் போகிறேன் என்று அவளாகவே சொல்கிறாள்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அந்த விருப்பக் காகிதத்தில் எதுவும் எழுத வேண்டாம். எழுதாவிட்டால் தானாகவே பென்ஷன் ஆகிவிடும், அது அப்படியே இருக்கட்டும். எழுத வேண்டியது வேறு காகிதம். வேலையிலிருந்து விலக மூன்று மாத நோட்டீஸ். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கொடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இருபத்தொரு வருஷமாக வருஷத்துக்கு ஒரு மாதம் என்று உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இனி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எவ்வளவு இருக்கிறதோ அது முழுவதும் எனக்கு வேண்டும்.

இதற்காவது நாலு பக்கம் சண்டை போட்டு எழுதாதீர்கள்.

லூர்துராணி


மன்னார்புரம்
6-12-87

அன்புள்ள அத்தானுக்கு,

விடுவிப்பு உத்தரவு கைக்கு வந்துவிட்டது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பேட்ரிசியா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வீட்டுச் சொந்தக்காரர் வரைக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

மாடி வீட்டைக் காலி செய்துவிட்டோம். அதே தெருவில் கீழ்வீடு கிடைத்தது. கொஞ்சம் சின்னது, ஆனால் பின்னால் நாலு வாழை வைக்க இடம் இருக்கிறது. பெரியண்ணனிடம் விஷயம் சொன்னேன். “தோட்டம் போனா போகுதுங்க, கன்னு நான் கொண்டாந்து தரேன். அவரை வரச் சொல்லுங்க” என்றார்.

எனக்குத்தான் இன்னும் பல விஷயம் தெரியவில்லை. லீவு இல்லாத நாளில் நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? உப்பு எவ்வளவு போடலாம் என்றார் டாக்டர்? சாயங்காலம் வேலை இல்லாதபோது பேசிக்கொண்டிருப்பீர்களா, பேப்பர் படிப்பீர்களா? லீவில் வந்துபோகிற மனிதரைத்தான் எனக்குத் தெரியும். வீட்டிலேயே இருக்கிறவர் எப்படியிருப்பார் என்று நானும் பேட்ரிசியாவும் இரவெல்லாம் பேசிச் சிரிக்கிறோம். வந்து சொல்லுங்கள்.

கீழ் பெர்த்தாகக் கேட்டு வாங்குங்கள். மெட்ராஸில் சென்ட்ரலிலிருந்து எக்மோருக்கு நடந்து போகலாம் என்று நினைக்க வேண்டாம், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் போர்ட்டர் தூக்கட்டும், பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுங்கள். திருச்சியில் வண்டி நின்றதும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள். நாங்கள் உள்ளே ஏறி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாளாக.

உங்கள்
லூர்துராணி