போனில் தெரியாத மூன்று சுவர்கள்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வழக்கமான சண்டை சச்சரவோடு நலம். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், நம்புவதற்கென்ன.

நாடகத்துக்காக நீ வரைந்த மேடைப் படம் வந்து சேர்ந்தது. இடது பாதி நினைவு, வலது பாதி நிஜம் என்று எழுதியிருந்தாய். இடது பாதியில் நம் பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஏணி போட்டுல்ல ஏறிச் சாப்பிடணும் என்று அம்மா சிரித்தாள். அப்ப அவ பொடிசு, அவ கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும் என்று நான்தான் உனக்காக வாதாடினேன். அலமாரியைவிட நான் ஏன் குட்டையாக இருக்கிறேன் என்று கேட்கவில்லை, போகட்டும். அம்மா மட்டும் காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி அந்தப் பாதி முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறாள்.

வலது பாதியைப் பார்த்ததும்தான் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ இன்னும் வந்து பார்க்காத இந்தப் புது வீட்டை வீடியோ காலில் பார்த்ததை வைத்தே வரைந்திருக்கிறாய். பளிச்சென்று ஒரு மஞ்சள் சுவர், ஒரு மின்விசிறி, என் நெற்றி. நாற்காலியில் அம்மா, பக்கத்தில் ‘இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள்’ என்று உன் குறிப்பு. அடி அசடே, அதுவே ஒரு மேடைதான்! மீதி மூணு சுவருக்கும் அடிச்சிடட்டுமா என்று பெயிண்டர் கேட்டதற்கு, போன்ல தெரியறது இது ஒண்ணுதான், இது போதும் என்று சொல்லிவிட்டாள் உன் அம்மா. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மற்ற மூன்றும் மழைத் தண்ணீர் இறங்கி உப்புப் பூத்துக் கிடக்கின்றன. நீ கூப்பிடுவதற்கு முன்பே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து உட்கார்ந்துவிடுவாள், கைத்தடி நாற்காலிக்குப் பின்னால் போய்விடும். முழங்கால் மோசமாகிவிட்டது, வாலு. நீ போனை வைத்த பிறகு என் தோளைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் நடந்து நீ பார்த்திருக்கிறாயா, யோசித்துப் பார். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்கிறார் டாக்டர். என் பேச்சு எடுபடவில்லை, நீ நேரில் வந்து அதட்டினால் கேட்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என் வாயைத்தான் கட்டிவைத்திருக்கிறாள், கையைக் கட்டவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் மேடை நன்றாக அமையட்டும், கைதட்டல் கூரையைப் பிய்க்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நாடகம் முடிந்ததும் புறப்பட்டு வா. தேதியை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் மீதி மூன்று சுவருக்கும் அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டுவிடுவாள்.

இப்படிக்கு,
நெற்றியாக நடிக்கும் உன் அப்பா