சிரித்தால் தெரிந்துவிடும்

மானிப்பாய்
11.09.2025

அன்புள்ள வினோஜாவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தைக் கேட்க முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உன்னோடு எனக்குச் சரியான கோபம். உன் போன் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. கட்டுநாயக்காவில் உன்னோடு தங்கியிருக்கும் ஜெசிதாவின் விலாசம் நேற்றுத்தான் கிடைத்தது. வேலையால் வந்ததும், சாப்பிட முதல் இதைப் படி.

உன் மகள் ஆரபி நன்றாக இருக்கிறாள். நாற்பது நாள் பிள்ளையாக இந்தச் சிறுவர் இல்லத்தில் என் கையில் தந்துவிட்டுப் போனாய். இப்போது எட்டு மாதம். தவழ்ந்து போய்ச் செருப்பைக் கடிக்கிறாள். தூக்கினால் என் இடுப்பு முறிகிறது.

திங்கட்கிழமை கஞ்சி ஊட்டும்போது கரண்டி டிக் என்றது. கீழ் முரசில் அரிசிமணி அளவில் ஒரு பல். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். வருகிற புதன்கிழமை நீர்வேலியிலிருந்து ஒரு ஆசிரியரும் மனைவியும் தத்தெடுக்கவென்று பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். நல்ல மனுசர், குறை சொல்ல மாட்டேன். பல் முளைத்திருந்தால் அன்றைக்கே அந்த அம்மாவின் கையால் பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவிக்கலாம், படமும் எடுக்கலாம் என்கிறார் எங்கள் பொறுப்பாளர் அற்புதராணி அக்கா. அந்தப் படம் வழக்குக் கோவைக்குள் போகும். அதனால் யாரும் கேட்டால் இன்னும் முளைக்கவில்லை என்கிறேன். பிள்ளையோ என்னைக் கண்டால் வாயெல்லாம் சிரிப்பு. உவள் சிரிக்கக் கூடாதே என்று நான் நேர்த்தி வைக்காத குறை.

திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் திகதி, நீதிமன்றத்தில் ஆரபியின் வழக்குக் கூப்பிடுகிறார்கள். தாய் நாலு மாதமாக வரவில்லை என்றுதான் நன்னடத்தை அலுவலர் மிஸ் எழுதியிருக்கிறார். அவரில் பிழையில்லை. வருகைப் புத்தகத்தில் உன் கையெழுத்து இல்லை. அன்றைக்கும் நீ நிற்காவிட்டால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கத் தீர்ப்பாகிவிடும்.

ஆனால் நீ வந்தாய். அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள், பார்க்கும் நாள் இல்லாதபோது, பின்வாசலால் உன்னை உள்ளே விட்டேன். நீ தூக்கியதும் ஆரபி வீரிட்டு அழுதாள். நான் வாங்கியதும் நிறுத்திவிட்டாள். "அன்ரி, அவளுக்கு என்னைத் தெரியேல்லை" என்றாய். ஆறு மாதப் பிள்ளை புது முகத்துக்கு அழும், மிஸ்ஸைக் கண்டாலும் அழும் என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இண்டைக்குப் போட்டு வா பிள்ளை, அவள் பயப்பிடுறாள்" என்றேன். என் தோளில் அவள் அடங்கிக் கிடந்தது எனக்குப் பெருமையாக இருந்தது வினோஜா. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கையெழுத்தும் கேட்கவில்லை.

நீ வந்ததை நீதிமன்றத்தில் நான் சொல்வேன். வேலை போனால் போகட்டும். ஆனால் என் வாய்ச்சொல் மட்டும் போதாது, நீ வரவேண்டும். பிள்ளையின் தகப்பனை நம்பிக்கொண்டு இராதே. வெளிநாடு போன கஜீபன் இதுவரை பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உனக்கு ஒரு இருப்பிடம் பார்க்க அவகாசம் தரச்சொல்லி நீயே கேள். மிஸ் உதவுவார், கேட்டுவிட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமைக்குள், அந்த ஆக்கள் வர முதல், வந்துவிடு. பொறுப்பாளரிடம் உனக்கு நேரம் கேட்பது என் பாடு. மா வறுத்து வைத்திருக்கிறேன், தேங்காயையும் பல்லுப்போல நான் சீவுவேன். தலையில் கொட்டும் கை உன்னுடையதாக இருக்கட்டும். இந்த முறை முன்வாசலால் வா. முதலில் புத்தகத்தில் கையெழுத்துப் போடு.

அவள் அழுவாள். அழட்டும். நான் கை நீட்ட மாட்டேன். அவள் அடங்கும்வரை நீயே வைத்திரு.

நல்லூரான் உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
கேதீஸ்வரி அன்ரி